மூன்றா, நான்கா

கடல் முதலில் சமையல் சுவரைக் கொண்டுபோனது.
பிறகு கோழிக்கூண்டை.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரவு
நாங்கள் படுத்திருந்த அறைக்குள்
முழங்காலளவு வந்து நின்றது,
உப்பு கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி போல.
போகும்போது தொழுகைப் பாயை எடுத்துப்போனது.

இப்போது ஜுகோப் மணல்வெளியில்
எண் எழுதிய நீலக் கூடாரம்.
இங்கே கடல் கேட்காது.
கேட்காததால் தூக்கம் வரவில்லை.

நாளெல்லாம் கணக்குதான்.
சீட்டுக்குக் கட்டாத வாரம் ஆறு.
அரிசிக்கார மக்தாருக்கு இருபத்தெட்டாயிரம் ஃபிராங்க்.
புகைபோட்ட மத்தி இரண்டு கூடை, வாங்க ஆளில்லை.
உசெய்னு படகேறிப் போய் நாற்பத்தொரு நாள்.
கானரித் தீவுக்கு ஏழு நாள் என்றார்கள்,
காற்று எதிர்த்தால் பத்து.
நாற்பத்தொன்றில் பத்து போக
மீதியை எங்கே எழுதிவைப்பது?

சபூர் செய், சபூர் செய் என்கிறார்கள்.
சபூர் எந்தச் சந்தையில் விற்கிறது,
கிலோ என்ன விலை?

அவனோடு பிறந்த அசன் இருக்கிறான். இரட்டையர்.
அதே முகம் தாம்பாளத்தின் மறுபக்கம் உட்கார்ந்து
சோறு அள்ளும்போது
நான் மீன்முள் பொறுக்குவதாகக் குனிந்துகொள்வேன்.

பதிவு எடுக்கும் பெண் வந்தாள்.
"குடும்பத்தில் எத்தனை பேர்?"
ஆறு என்றேன்.
ஐந்து என்றேன்.
பேனா காத்திருந்தது.
"நாளைக்கு வா" என்றேன்.

அன்று இஷாத் தொழுகையில் கணக்குத் தப்பியது.
சஜ்தாவிலிருந்து எழுந்தால் தெரியவில்லை,
இது மூன்றாவது ரக்அத்தா, நான்காவதா.
கைகளைத் தொங்கவிட்டு நிற்பதுதான் எங்கள் ஊர் வழக்கம்.
அன்று அவை வெறும் கைகளாகத் தொங்கின.
உடம்பு இங்கே நிற்க, மனசு
எங்கோ இருட்டுத் தண்ணீரில்
ஒரு படகின் பெயரைப் படிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.
வெட்கமாயிருந்தது, ரப்பே.
இதைக்கூட எண்ணத் தெரியாதவளா நான்.

அப்போதுதான் நினைவு வந்தது,
எட்டு வயதில் மரப்பலகையில் எழுதி
கழுவி மறுபடி எழுதிய சட்டம்:
சந்தேகம் வந்தால் குறைந்ததை எடுத்துக்கொள்.
மூன்றா நான்கா என்றால், மூன்று.
மீதியைத் தொழு.
முடிவில் மறதிக்காக இரண்டு சஜ்தா.

எத்தனை தரம் கேட்டது, காதோடு போனது.
இன்றுதான் உறைத்தது.
நாங்கள் மறப்போம் என்று
உனக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.
மறந்தவளுக்கென்று ஒரு வழியும் கிடக்கிறது,
உயரமான படிக்குக் கீழே யாரும் கவனிக்காமல்
ஒரு கல் கிடப்பது போல.

மூன்று என்று வைத்துக்கொண்டேன்.
ஒன்று மீதியிருந்தது.
அவசரமில்லாமல் தொழுதேன்.
சலாம் கொடுத்தபின் நெற்றியை மறுபடி மணலில் வைத்தேன்.
பாய் இல்லாதது நல்லதாயிற்று,
மணல் பகலின் சூட்டை இன்னும் வைத்திருந்தது.
முதல் சஜ்தா, இரண்டாவது,
அங்கேயே கொஞ்சநேரம்.

மக்தாரின் கடன் அப்படியே இருந்தது.
நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகவே இருந்தது.
அன்றிரவு தூங்கினேன்.
அதைவிடப் பெரிதாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

காலையில் அந்தப் பெண் வந்தாள்.
"ஐந்து பேர்."
எழுதினாள். பேனாவை மூடப் போனாள்.
"பக்கத்தில் கொஞ்சம் இடம் விடம்மா" என்றேன்,
"இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது."

தேநீருக்குக் கரி ஊதிக்கொண்டிருந்த அசன்
நிமிர்ந்தான்.
புகையில் கண் சிவந்த அந்த முகத்தை
நான் முழுசாகப் பார்த்தேன்.